பிற நாட்டு தேசிய கீதம்: விருந்தாளி நிற்க வேண்டிய முறை

வெளிநாடு கிளம்புகிறவர்கள் விசா, இன்சூரன்ஸ், சிம் கார்டு, பிளக் அடாப்டர் வரை ஒன்று விடாமல் விசாரித்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டின் தேசிய கீதம் ஒலித்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போன இடத்தில் எதிர்பாராமல் கீதம் தொடங்கும். சுற்றியிருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். கையை எங்கே வைப்பது, வாயை அசைப்பதா வேண்டாமா, கையிலிருக்கும் காபியை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை மதிப்போடு கடப்பது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிற நாட்டின் கீதத்துக்கு விருந்தாளி தர வேண்டியது மரியாதை. விசுவாசத்தை யாரும் அவரிடம் கேட்பதில்லை. எழுந்து நிற்பது, அசையாமல் இருப்பது, பேசாமல் இருப்பது ஆகிய மூன்றும் மரியாதையைச் சேர்ந்தவை. பாடுவது, நெஞ்சில் கை வைப்பது, சல்யூட் அடிப்பது, உறுதிமொழி சொல்வது எல்லாம் அந்த நாட்டைத் தன் நாடாகக் கொண்டவர்கள் செய்வது. முதல் மூன்றில் ஒரு குறையும் வைக்காதீர்கள். மற்றவற்றைச் செய்யவில்லையே என்று ஒருபோதும் சங்கடப்படாதீர்கள். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் உலகின் எந்த மூலையில் எந்தக் கீதம் ஒலித்தாலும் உங்களுக்குக் குழப்பம் வராது.

எங்கும் பொருந்தும் அடிப்படை

கீதம் தொடங்கியதும் எழுந்து நில்லுங்கள். நடந்துகொண்டிருந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். இன்னும் நான்கு அடி வைத்தால் நாற்காலி வந்துவிடும் என்று நகர வேண்டாம். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கட்டும். கைகளைக் கட்டிக்கொள்வது, இடுப்பில் ஊன்றுவது, பேன்ட் பாக்கெட்டில் விடுவது, சுவரில் சாய்வது இவை எதுவும் வேண்டாம். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த நிலைகள், பார்ப்பவர் கண்ணுக்கு அலட்சியமாகப் படும்.

கொடி கண்ணுக்குத் தெரிந்தால் அதை நோக்கித் திரும்புங்கள். தெரியாவிட்டால் மற்றவர்கள் பார்க்கும் பக்கம் பாருங்கள். தொப்பி போட்டிருந்தால் கழற்றுங்கள். தலைப்பாகை, ஹிஜாப் போன்று மத நம்பிக்கையோடு அணிவதைக் கழற்றத் தேவையில்லை. காதில் இயர்போன் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு மெல்லுவதை நிறுத்துங்கள். கையில் டம்ளரோ தட்டோ இருந்தால் பக்கத்தில் வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டால் போதும்.

செல்போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு வெளிநாட்டவர் செய்யும் தவறுகளில் பரவலானது, எல்லோரும் அசையாமல் நிற்கும் காட்சியை வீடியோ எடுப்பது. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் மண்ணுக்கு மரியாதை செய்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் ரீல்ஸுக்காக அவர்கள் நிற்கவில்லை. கேமராவைத் தாழ்த்திவிட்டு நீங்களும் அவர்களோடு நில்லுங்கள்.

கீதம் முடிந்ததும் கை தட்டலாமா? ஊருக்கு ஊர் வேறுபடும். அமெரிக்க மைதானங்களில் கடைசி வரி முடிவதற்குள்ளேயே கைத்தட்டலும் ஆரவாரமும் கிளம்பிவிடும். தாய்லாந்தில் கீதம் முடிந்ததும் யாரும் தட்டுவதில்லை. அவரவர் வழியைப் பார்த்து நடந்துவிடுவார்கள். பொது விதி இதுதான்: தட்டுவதில் நீங்கள் முதல் ஆளாக இருக்காதீர்கள், உட்காருவதிலும் முதல் ஆளாக இருக்காதீர்கள்.

உட்காருவதைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நிகழ்ச்சிகளில் ஒரு கீதத்தோடு முடிவதில்லை. தேசிய கீதத்துக்குப் பின் மாநில கீதம் வரும், அரச கீதம் வரும், விருந்தினர் நாட்டின் கீதமும் வரும். இசை நின்றதும் ஓர் இரண்டு மூச்சு பொறுத்து, மற்றவர்கள் அமர்ந்த பிறகு அமருங்கள்.

பாடாமல் நின்றால் அவமதிப்பா?

தமிழர்கள் பலருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. வாய் திறக்காமல் நின்றால் திமிராக நினைத்துவிடுவார்களோ என்று பாடத் தெரியாத பாட்டுக்கு உதட்டை அசைப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமே இதற்குத் தெளிவான பதில் சொல்லியிருக்கிறது. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் ஜன கண மன ஒலிக்கும்போது அவர்கள் எழுந்து மரியாதையாக நிற்பார்கள். மத நம்பிக்கையின் காரணமாகப் பாட மாட்டார்கள். 1986-இல் அவர்கள் தொடர்பான பிஜோ இம்மானுவேல் வழக்கில் தீர்ப்பு வந்தது. எழுந்து மரியாதையோடு நிற்பவர், பாடவில்லை என்பதற்காகக் கீதத்தை அவமதித்தவர் ஆகிவிட மாட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் உத்தரவிட்டது. சொந்த நாட்டுக் குடிமக்களுக்கே மௌனமாக நிற்பது போதுமான மரியாதை என்றால், அயல்நாட்டு விருந்தாளிக்கு அது போதாமல் போகுமா?

அமெரிக்காவின் கொடிச் சட்டத்தில் விருந்தாளிக்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது. கொடி ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஊர்வலத்தில் கடந்து செல்லும்போதும் குடிமக்கள் வலக்கையை நெஞ்சில் வைக்க வேண்டும். பிற நாட்டுக் குடிமக்கள் நேராக நின்றால் போதும் என்று அது சொல்கிறது. நீங்கள் கையை நெஞ்சில் வைக்காமல் நிற்பது சட்டம் எதிர்பார்ப்பதுதான்.

பாடினால் தவறா என்றும் கேட்கலாம். தவறில்லை. பல ஆண்டுகளாக அங்கே வாழ்ந்து, அந்த மொழி தெரிந்து, மனம் ஒப்பிப் பாடுகிறீர்கள் என்றால் மகிழ்ச்சியாகப் பாடுங்கள். வார்த்தை தெரியாமல் முணுமுணுப்பதும், தப்பும் தவறுமாகப் பாடிவிட்டுச் சிரிப்பதும்தான் கூடாது. அரைகுறைப் பாட்டைவிட முழு மௌனம் கண்ணியமானது.

தாய்லாந்து: காலை 8, மாலை 6

பிற நாட்டுக் கீதத்தை எதிர்பாராமல் எதிர்கொள்ளும் நாடு என்றால் தாய்லாந்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கே தினமும் காலை 8 மணிக்குக் கொடி ஏற்றும்போதும் மாலை 6 மணிக்கு இறக்கும்போதும் தேசிய கீதம் ஒலிக்கும். பூங்கா, ரயில் நிலையம், பேருந்து நிலையம், பள்ளி, அரசு அலுவலகம் என்று எங்கெல்லாம் ஒலிபெருக்கி இருக்கிறதோ அங்கெல்லாம் கேட்கும். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வரும்.

பாங்காக்கின் லும்பினி பூங்காவுக்கு மாலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஏரியைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் பாட்டு போட்டு ஏரோபிக்ஸ் நடக்கும், இன்னொரு பக்கம் பளு தூக்குவார்கள். மணி ஆறானதும் ஒலிபெருக்கியில் கீதம் தொடங்கும். ஓடியவர் ஓடிய இடத்திலேயே நிற்பார். வியர்வை வழிய, மார்பு ஏறி இறங்க, கால்களைச் சேர்த்துக் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார். சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றுவார். தள்ளுவண்டியில் குழந்தையை அழைத்து வந்த தாய் வண்டியைப் பிடித்தபடி நிற்பார். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இது நீடிக்கும். இசை அடங்கியதும் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளாமல் ஓட்டத்தைத் தொடர்வார்கள்.

அங்கே ஓடிக்கொண்டே போகிற ஒருவர் பெரும்பாலும் வெளிநாட்டவராகத்தான் இருப்பார். யாரும் அவரைத் தடுக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். தாய்லாந்துக்காரர்கள் பொது இடத்தில் கோபத்தைக் காட்டுவது அரிது. ஆனால் மனதில் குறித்துக்கொள்வார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவர்களுக்கு வருத்தமில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

பாங்காக்கில் ஸ்கைடிரெயின் நிலையத்தில் இருக்கும்போது கீதம் கேட்டால் நடைமேடையில் அப்படியே நில்லுங்கள். சாலையில் போகும் வாகனங்கள் நிற்பதில்லை. நீங்கள் டாக்சியிலோ டுக் டுக்கிலோ இருந்தால் இறங்க வேண்டியதில்லை. உணவகத்துக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே எங்கோ மெல்லக் கேட்டால், உள்ளே இருப்பவர்கள் என்ன செய்கிறார்களோ அதையே செய்யுங்கள். சியாங் மாய் நகரில் ஞாயிற்றுக்கிழமை மாலைச் சந்தைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்குத் தயாராக இருங்கள். தெரு கொள்ளாத கூட்டம் மொத்தமாக நின்றுவிடும். விலை பேசிக்கொண்டிருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1932-இல் மன்னரின் தனியாட்சி முடிந்து அரசியலமைப்பு முடியாட்சி வந்தபோது இந்த இசை உருவானது. இசையமைத்த ஃப்ரா சென்துரியாங், ஜெர்மானிய வம்சாவளித் தந்தைக்குப் பிறந்தவர். சயாம் என்ற பெயர் தாய்லாந்து என்று மாறிய 1939-இல் இப்போதைய பாடல் வரிகள் வந்தன. அதே ஆண்டு, பிபுன் பிரதமராக இருந்த அரசு கலாசார ஆணைகளை வெளியிட்டது. கொடிக்கும் கீதத்துக்கும் குடிமக்கள் மரியாதை செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அரசு உத்தரவாகத் தொடங்கியது இன்று மக்களின் அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

தாய்லாந்து திரையரங்கில்

தாய்லாந்தில் திரையரங்கில் ஒலிப்பது வேறு கீதம். விளம்பரங்களும் டிரெய்லர்களும் முடிந்து, படம் தொடங்குவதற்குச் சற்று முன் எழுந்து நிற்கும்படி திரையில் வேண்டுகோள் வரும். பிறகு மன்னரின் படங்களோடு அரச கீதம் ஒலிக்கும். 1932 வரை நாட்டின் கீதமாகவும் அதுவே இருந்தது. பாப்கார்னை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். தாமதமாக உள்ளே நுழைகிறீர்கள் என்றால் கதவருகிலேயே நின்றுவிடுங்கள். இருட்டில் இருக்கையைத் தேடி அலைய வேண்டாம்.

இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். தாய்லாந்து தண்டனைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு மன்னரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ இழிவுபடுத்துவதற்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வெளிநாட்டவர் என்ற விலக்கு அதில் கிடையாது. திரையைப் பார்த்துக் கேலி பேசுவது, சிரிப்பது, அதைப் பற்றிச் சமூக ஊடகத்தில் நையாண்டி எழுதுவது எல்லாமே விபரீதத்தில் கொண்டுவிடலாம். சட்டத்துக்குப் பயந்துதான் எழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயணம் போகிறவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

மலேசியா: ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கீதங்கள்

மலேசியாவின் தேசிய கீதம் நெகாராகு. 1968-ஆம் ஆண்டின் தேசிய கீதச் சட்டப்படி, கீதம் ஒலிக்கும்போது அங்கிருக்கும் அனைவரும் நேராக எழுந்து நிற்க வேண்டும். குடிமக்கள் என்று பிரித்துச் சொல்லவில்லை, எல்லோருக்கும் பொருந்தும். வேண்டுமென்றே அவமதித்தால் 100 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. வானொலி ஒலிபரப்பில் ஒலிக்கும்போது நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை அதே சட்டம் விலக்கியிருக்கிறது. டாக்சியில் வானொலியில் கேட்டால் பதற வேண்டியதில்லை.

அங்கே மாநிலங்களுக்கும் தனித்தனிக் கீதம் உண்டு. அரசு விழாக்களில் நெகாராகு முடிந்தவுடன் மாநில கீதம் தொடங்கும். பேராக் மாநிலத்தில் புதியவருக்கு இது பெரிய குழப்பமாக இருக்கும். ஏனென்றால் நெகாராகுவின் மெட்டே பேராக் மாநில கீதத்திலிருந்து எடுத்ததுதான். ஒரே மெட்டு இரண்டாவது முறை கேட்கிறதே, தவறுதலாகத் திரும்பப் போட்டுவிட்டார்களோ என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிக்கு உறவினர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவிடப் போகிறவர்கள், திங்கட்கிழமை காலைச் சபைகூடலில் சிக்கிக்கொள்வதுண்டு. பிள்ளைகள் வரிசையாக நின்று நெகாராகு பாடுவார்கள், மாநில கீதம் பாடுவார்கள், பிறகு தமிழில் பள்ளிப் பாடல் பாடுவார்கள். வாசலருகே நிற்கும் பெற்றோரும் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார்கள். நீங்களும் மூன்று பாடலும் முடியும்வரை நில்லுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

சிங்கப்பூர்: கீதம் வேறு, பற்றுறுதி வேறு

சிங்கப்பூரின் தேசிய கீதம் மஜுலா சிங்கப்பூரா, ஜுபிர் சையது இயற்றியது. சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லோரும் மலாய் மொழியில்தான் பாட வேண்டும். பொருள் தெரிந்துகொள்ளத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, பாடுவதற்கு அல்ல. வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் ஆகஸ்ட் 9 தேசிய தின நிகழ்ச்சிகளில் இதைக் கேட்பார்கள். எழுந்து நேராக நின்றால் போதும்.

கீதத்தைத் தொடர்ந்து பெரும்பாலும் தேசிய பற்றுறுதி சொல்வார்கள். வலக்கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சில் இடப்பக்கம் வைத்துக்கொண்டு சொல்வது வழக்கம். 1966-இல் அதை எழுதியவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனவர். தமிழர் எழுதியது என்ற பெருமை நமக்கு இருக்கலாம். ஆனால் அது சிங்கப்பூர்க் குடிமக்கள் தங்களுக்குள் எடுத்துக்கொள்ளும் உறுதி. வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இருப்பவர் முஷ்டி வைத்து அதைச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அமைதியாக நிற்பதே முறை.

அமெரிக்கா: மைதானமும் பள்ளிக்கூடமும்

அமெரிக்காவில் தேசிய கீதம் விளையாட்டோடு பிணைந்தது. பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து எதுவானாலும் ஆட்டத்துக்கு முன் கீதம் உண்டு. உயர்நிலைப் பள்ளி மைதானத்திலும் உண்டு. எழுந்து நின்று தொப்பியைக் கழற்றும்படி அறிவிப்பு வரும். வலக்கையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளும் பக்கவாட்டில் இருக்க, கொடியைப் பாருங்கள். கொடி தெரியாவிட்டால் இசை வரும் திசையை நோக்கி நிற்கச் சொல்கிறது அந்த நாட்டு வழக்கம். கனடா அணி விளையாடும் ஆட்டமென்றால் இரு நாட்டுக் கீதங்களும் ஒலிக்கும். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி பள்ளிக்கூடத்தைப் பற்றியது. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் காலையில் கொடியை நோக்கி விசுவாச உறுதிமொழி சொல்வார்கள். ஹெச்-1பி விசாவில் வந்தவரின் பிள்ளை அதைச் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. எந்த மாணவரையும் கொடி வணக்கத்துக்கோ உறுதிமொழிக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-இல் பார்னெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முன்னே சொன்ன நம் கேரளப் பிள்ளைகளின் வழக்கிலும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது.

பிள்ளையிடம் இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: "எல்லோரும் எழுந்ததும் நீயும் எழுந்து நில். பேசாதே, விளையாடாதே. நாம் இந்த நாட்டுக்கு விருந்தாளிகள். மரியாதை செய்வோம், உறுதிமொழி சொல்ல வேண்டியதில்லை." வகுப்பாசிரியருக்கும் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிள்ளை தானாக விரும்பி மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து சொன்னால் அதற்காகக் கண்டிக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை தோழர்களோடு சேர்ந்திருக்க விரும்புவது இயல்பு; அதனால் யாருடைய குடியுரிமையும் மாறிவிடுவதில்லை.

சட்டம் இறுக்கமாக உள்ள வேறு சில இடங்கள்

ஹாங்காங்கில் 2020 ஜூன் முதல் தேசிய கீதச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சீன தேசிய கீதத்தை வேண்டுமென்றே பொது இடத்தில் அவமதித்தால் 50,000 ஹாங்காங் டாலர் அபராதமும் மூன்றாண்டு சிறையும் வரை போகலாம். கால்பந்து மைதானத்தில் கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்டால், நீங்கள் வாயை மூடி நேராக நில்லுங்கள்.

பிலிப்பைன்ஸில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் கீதத்துக்கு எழுந்து நிற்பதைக் கட்டாயமாக்குகிறது. திரையரங்குகளிலும் ஒலிக்கும். எழாமல் அமர்ந்திருந்தவர்கள் கைதான செய்திகளும் வந்திருக்கின்றன. இந்தோனேசியாவின் 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் கீதம் ஒலிக்கும் இடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் நேராக நிற்க வேண்டும் என்கிறது. ஜப்பானில் சுமோ போட்டியின் கடைசி நாளன்று பரிசளிப்புக்கு முன் கிமிகாயோ பாடுவார்கள். பார்வையாளர்கள் எழுந்து நிற்பார்கள். இங்கெல்லாம் முன்னே சொன்ன அடிப்படை மூன்றும் அப்படியே செல்லுபடியாகும்.

எதிரணியின் கீதம்

உலகக் கோப்பைக் கிரிக்கெட் பார்க்க வெளிநாடு போகிற தமிழர்கள் பெருகிவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளின் கீதங்களும் ஒலிக்கும். நம் கீதத்துக்கு எழுந்து உரக்கப் பாடிவிட்டு, எதிரணியின் கீதத்தின்போது செல்ஃபி எடுப்பதும் பேசிக்கொண்டிருப்பதும் அழகல்ல. ஊளையிடுவது அதைவிட மோசம். அந்த ஆட்டத்தில் யார் யாரை வேண்டுமானாலும் வெல்லட்டும். பாட்டு ஒரு மக்களுடையது, பதினோரு ஆட்டக்காரர்களுடையது மட்டுமல்ல.

1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தான் 12 ரன்னில் இந்தியாவை வென்றபோது, மனம் உடைந்திருந்த சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று அந்த அணிக்குக் கை தட்டினார்கள். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னது. தோற்ற ஆட்டத்துக்கே எழுந்து நின்ற ஊர்க்காரர்களுக்கு, ஆட்டம் தொடங்கும் முன் எழுந்து நிற்பது கடினமல்ல.

உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்திருந்தால்?

இப்படியும் நேரலாம். 2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் கறுப்பின மக்கள் மீதான அநீதியை எதிர்த்துக் கீதத்தின்போது மண்டியிட்டார். பலர் அவரைப் பின்பற்றினார்கள். 2020-இல் தாய்லாந்துப் பள்ளி மாணவர்கள் கீதத்தின்போது மூன்று விரல்களை உயர்த்தித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். தாய்லாந்து திரையரங்குகளில் இன்று எழாமல் அமர்ந்திருக்கும் இளைஞர்களையும் காணலாம்.

அது அவர்கள் நாட்டோடு அவர்களுக்குள்ள வழக்கு. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விலை கொடுப்பவர்களும் அவர்களே. நீங்கள் அவர்கள் பக்கம் நியாயம் என்று மனதார நினைக்கலாம். ஆனாலும் உங்கள் வேலை எழுந்து நிற்பதுதான். அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைப்பதும் வேண்டாம். அவர்களோடு விரலை உயர்த்துவதும் வேண்டாம். இலங்கையிலும் இதே நிதானம் தேவை. அங்கே தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவது நீண்ட கால அரசியல் பிரச்சினை. 2016 சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள். 2020-இல் அதை விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிற விருந்தாளிக்கு இதில் ஆழ்ந்த உணர்வு இருப்பது நியாயமே. எந்த மொழியில் ஒலித்தாலும் எழுந்து நில்லுங்கள். உங்கள் கருத்தை விழா முடிந்தபின் பேசுங்கள்.

சில நடைமுறைச் சிக்கல்கள்

முழங்கால் வலி, கர்ப்பம், சக்கர நாற்காலி என்று நிற்க முடியாதவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பேசாமல் இருந்தால் போதும். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கைக்குழந்தை அழுதால் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். ஓரமாக நகர்வதும் தவறில்லை. பசியில் அழும் குழந்தையைச் சட்டம் தேடி வருவதில்லை.

மத நம்பிக்கை காரணமாக எழவே முடியாது என்பவர்கள், கீதம் ஒலிக்கும் நேரத்தை முன்கூட்டி விசாரித்து அது முடிந்தபின் அரங்கத்துக்குள் நுழையலாம். அழைத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் மனவருத்தம் வராது.

தெரியாமல் பேசிவிட்டீர்கள், நடந்துவிட்டீர்கள், உட்கார்ந்தே இருந்துவிட்டீர்கள் என்றால், உணர்ந்த நொடியில் எழுந்து நில்லுங்கள். முடிந்தபின் பக்கத்தில் இருப்பவரிடம் சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். "எங்கள் ஊரில் இந்த வழக்கம் இல்லை" என்று வாதாட வேண்டாம். வேண்டுமென்று செய்யவில்லை என்பது முகத்தில் தெரிந்தால் பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள்.

நம் ஊருக்கு வரும் விருந்தாளிக்கு

இந்த அத்தியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் கல்லூரி விழாவுக்கோ நிறுவன விழாவுக்கோ வெளிநாட்டவரை அழைக்கிறீர்கள் என்றால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழா தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவோம். மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, பாட 55 நொடி ஆகும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்போம். முடிவில் ஜன கண மன. அது ஏறத்தாழ 52 நொடி. இரண்டுக்கும் எழுந்து நின்றால் போதும், பாட வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள்.

சொல்லாமல் விட்டால் அவர் மேடையில் எல்லோர் முன்பும் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தைப் படம்பிடித்து, நம் நாட்டை அவமதித்துவிட்டார் என்று பரப்புவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். வந்தவரை அந்த நிலையில் நிறுத்துவது அழைத்தவரின் குறை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

போகிற நாட்டின் தேசிய கீதத்தை இணையத்தில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். தொடக்க இசை காதில் பதிந்துவிட்டால் முதல் இரண்டு நொடியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். மாநில கீதமோ அரச கீதமோ தனியாக உண்டா என்று பாருங்கள். பொது இடங்களில் ஒலிக்கும் நேரம் குறிப்பிட்டு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவமதிப்புக்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்பதைத் தெரிந்துவையுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் வயதான பெற்றோருக்கும் விமானம் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள்.

இவ்வளவுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை மணி நேரம் செலவழித்தவர், எந்த ஊரிலும் தன் சொந்த நாட்டின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமல் அடுத்தவர் நாட்டை மதிக்கத் தெரிந்தவராக நிற்பார். நம் கீதம் ஒலிக்கும்போது அயலார் எப்படி நிற்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அவர்கள் கீதத்துக்கு நாம் அப்படி நிற்போம்.